பிளாட்டினம் படல சென்சரின் டிசிஆர் (டிகிரிக்கு மின்தடை கூடும் விகிதம்) புத்தக எண்ணில் பாதிதான் வருகிறது, ஹீட்டரைப் போட்டால் 40 டிகிரி குதிக்கிறது

பிறை_மாணவி எழுதியது:

வணக்கம். பினாங்கில் முதுநிலை ஆய்வு செய்கிறேன். இயந்திரவியல் படித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவள், அதனால் கேள்வி ரொம்ப அடிப்படையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது இதுதான்: கண்ணாடி மேல் ஒரு சின்ன ஹீட்டர், அதன் நடுவில் ஒரு வெப்பநிலை சென்சர், மேலே பிடிஎம்எஸ் என்ற சிலிக்கோன் ரப்பரில் வார்த்த 2 மில்லிமீட்டருக்கு 2 மில்லிமீட்டர் அறை. அந்த அறையில் இருக்கும் சில மைக்ரோலிட்டர் திரவத்தை 65 டிகிரியில் ஒரு மணி நேரம் நிறுத்த வேண்டும். டெங்கிக் கிருமியைக் கண்டுபிடிக்கும் லேம்ப் வினைக்காக (கிருமியின் மரபணுவைப் பெருக்கிக் காட்டும் முறை). பிசிஆர் மாதிரி 95க்கும் 60க்கும் ஏறி இறங்கும் வேலை இல்லை, ஒரே வெப்பநிலை போதும், ஆனால் அது ஒரு டிகிரிக்குள் நிற்க வேண்டும். நுண்ணோக்கியில் கீழிருந்து பார்க்க வேண்டியிருப்பதால் கண்ணாடி கட்டாயம்.

1 மில்லிமீட்டர் தடிமனுள்ள போரோசிலிக்கேட் கண்ணாடி. அதன் மேல் ஒட்டுப்பிடிக்க 10 நானோமீட்டர் டைட்டேனியம், அதற்கு மேல் 100 நானோமீட்டர் பிளாட்டினம், இரண்டும் ஸ்பட்டரில் (ஆர்கான் அயனிகளால் உலோகத் தட்டை அடித்துப் படியவைப்பது) போட்டு லிஃப்ட் ஆஃப் செய்தது (ரெசிஸ்ட் என்ற ஒளியுணர் பூச்சைக் கரைத்து, வேண்டாத உலோகத்தை அதோடு நீக்குவது). சென்சர் கோடு 20 மைக்ரோமீட்டர் அகலம், வளைத்து வளைத்து மொத்தம் 3 மில்லிமீட்டர் நீளம். ஹீட்டர் கோடு 100 மைக்ரோமீட்டர் அகலம், அறையைச் சுற்றி 6 மில்லிமீட்டர்.

பிரச்சினைகள் இப்படி. பிளாட்டினத்தின் தன்மின்தடை 10.6 மைக்ரோ ஓம் சென்டிமீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால் சென்சர் 159 ஓம் வர வேண்டும், எனக்கு 315 ஓம் வருகிறது. டிசிஆர் 0.00385 என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, எனக்கு 0.0019 தான். ஸ்பட்டர் டார்கெட் (அந்த உலோகத் தட்டு) கெட்டுப்போயிருக்குமோ என்று எங்கள் குழுவில் ஒருவர் சொல்கிறார். அது போதாதென்று, ஒவ்வொரு முறை 90 டிகிரி வரை சூடாக்கி ஆறவிட்டால் அறை வெப்பநிலை மின்தடை ஒன்றிரண்டு ஓம் குறைந்துபோய் நிற்கிறது, பழைய இடத்துக்கு வருவதில்லை.

அப்புறம் ஹீட்டருக்கு 5 வோல்ட் கொடுத்தவுடனே சென்சர் 40 டிகிரி குதிக்கிறது, பிறகுதான் மெதுவாக ஏறுகிறது. சென்சருக்கு அரை மில்லி ஆம்பியர் கொடுத்து வோல்ட்டேஜ் பார்க்கிறேன். இடம் போதாததால் ஹீட்டரின் ஒரு முனையும் சென்சரின் ஒரு முனையும் ஒரே பேடில் (கம்பி தொடும் உலோகத் திட்டு) சேர்கின்றன, சொல்லிவிடுகிறேன். பிடிஎம்எஸ் இல்லாமல் வெப்பக் கேமராவில் பார்த்தால் உலோகக் கோடுகள் 30 சொச்சம்தான் காட்டுகின்றன, பக்கத்துக் கண்ணாடி அதைவிடச் சூடாகத் தெரிகிறது. எதை நம்புவது?

பாயான்லெப்பாஸ்_அக்கா எழுதியது:

தங்கச்சி, டார்கெட்டைத் திட்டாதே. உன் எண்கள் ஒன்றோடொன்று இவ்வளவு அழகாகப் பொருந்துவதை நான் அடிக்கடி பார்த்ததில்லை.

உன் சென்சர் 20க்கு 3000 மைக்ரோமீட்டர், அதாவது 20க்கு 20 துண்டுகளாகப் பார்த்தால் 150 சதுரம். 315 ஓமை 150ஆல் வகுத்தால் சதுரத்துக்கு 2.1 ஓம். தடிமன் 100 நானோமீட்டர் என்பதால் தன்மின்தடை 21 மைக்ரோ ஓம் சென்டிமீட்டர். கட்டி பிளாட்டினத்தைப் போல இரண்டு மடங்கு. ஸ்பட்டரில் போட்டு அனீல் செய்யாத (உயர் சூட்டில் வைத்துப் பதப்படுத்தாத) 100 நானோமீட்டர் படலத்துக்கு இது சாதாரணம்தான், குருணைகள் சின்னச் சின்னதாக இருக்கும், இடையில் எல்லைகள், உள்ளே மாட்டிக்கொண்ட ஆர்கான், எலக்ட்ரான் போகிற வழியெல்லாம் இடித்துக்கொண்டே போகும்.

இப்போது டிசிஆர் ஏன் பாதி என்று பார். உலோகத்தின் மின்தடை இரண்டு பங்காக வரும். ஒன்று அணுக்கள் அதிர்வதால் வருவது, வெப்பநிலை ஏற ஏறக் கூடும். மற்றொன்று குறைகளால் வருவது, வெப்பநிலை எதுவானாலும் மாறாது. இரண்டும் வெறுமனே கூடும், 1860களில் மத்தீசன் கண்டுபிடித்த விதி இது. பினாங்குப் பாலத்தில் ஒரு லாரி பழுதாகி நின்றால் அதனால் வருகிற தாமதம் மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அப்படியேதான் இருக்கும், மழை கூட்டுவது தனிக் கணக்கு, அது மாதிரி.

பிளாட்டினத்தில் அந்த மழைப் பங்கு டிகிரிக்கு ஏறக்குறைய 0.04 மைக்ரோ ஓம் சென்டிமீட்டர். படலம் நல்லதோ கெட்டதோ, இந்த 0.04 பெரிதாக மாறாது. டிசிஆர் என்பது இதை மொத்தத் தன்மின்தடையால் வகுப்பது, அவ்வளவுதான். 0.04ஐ 21ஆல் வகுத்துப் பார், 0.0019. நீ அளந்தது அதேதான்.

இதிலிருந்து இன்னொரு விஷயமும் கிடைக்கிறது. மாஸ்க்கில் (கோடுகளின் அச்சுத் தகட்டில்) 20 என்று வரைந்த கோடு ரெசிஸ்ட்டில் 17 ஆகிவிட்டால் மின்தடை ஏறும், ஆனால் டிசிஆர் அசையாது. தடிமன் 100க்குப் பதில் 80 விழுந்திருந்தாலும் அப்படித்தான். உனக்கு மின்தடை ஏறியிருக்கிறது, டிசிஆரும் அதே விகிதத்தில் இறங்கியிருக்கிறது, ஆக உன் கோட்டின் அகலமும் தடிமனும் சரியாகத்தான் விழுந்திருக்கின்றன, வித்தியாசம் உலோகத்தின் உள்ளே இருக்கிறது. அடுத்த மாஸ்க்கில் ஒரு மூலையில் கிரேக்கச் சிலுவை (கூட்டல் குறி வடிவச் சோதனைக் கோடு) ஒன்றும் 10, 20, 50 மைக்ரோமீட்டர் அகலத்தில் நேர்க்கோடுகளும் போட்டு வை. சிலுவையில் வோல்ட்டேஜைக் கரண்டால் வகுத்து 4.53ஆல் பெருக்கினால் சதுர மின்தடை நேராகக் கிடைக்கும், இந்தத் துப்பறியும் வேலையே வேண்டாம்.

சரி, நீ இழந்தது என்ன? டிகிரிக்கு எத்தனை ஓம் என்று பார். திட்டமிட்டபடி 159 ஓம் வந்திருந்தால் டிகிரிக்கு 0.6 ஓம். இப்போது 315ஐ 0.0019ஆல் பெருக்கு, அதே 0.6 ஓம். ஒன்றுமே இழக்கவில்லை! மேலே ஏறி உட்கார்ந்திருக்கும் 156 ஓம் வெறும் சுமை, வெப்பநிலையைப் பற்றி எதுவும் சொல்லாது, ஆனால் சென்சரைக் கெடுக்கவும் கெடுக்காது. புத்தகத்தின் 0.00385ஐத் துரத்தாதே. கடையில் வாங்குகிற பிளாட்டினம் சென்சர்கள் அலுமினாப் பீங்கான் மேல், இதைவிடத் தடிமனான படலத்தில், உயர் வெப்பத்தில் சுட்டு, லேசரால் வெட்டிச் சரிசெய்து வருபவை. கண்ணாடி மேல் 100 நானோமீட்டரில் அது வராது, வர வேண்டிய தேவையும் இல்லை.

உன் உண்மையான நோய் இரண்டாவதாகச் சொன்னாயே, சூடாக்கி ஆறவிட்டால் ஓம் குறைகிறது என்று, அதுதான். ஒன்றரை ஓம் என்றால் இரண்டரை டிகிரி. நீ 90 டிகிரிக்குக் கொண்டுபோகும்போதெல்லாம் படலம் கொஞ்சம் கொஞ்சமாக அனீல் ஆகிக்கொண்டிருக்கிறது. அதை ஒரேயடியாகச் செய்து முடித்துவிடு. நைட்ரஜனில் 350 டிகிரி, ஒரு மணி நேரம், ஏற்றுவதும் இறக்குவதும் மெதுவாக. பிளாட்டினம் விரிவது போரோசிலிக்கேட்டைவிட இரண்டரை மடங்கு அதிகம், அவசரப்பட்டால் ஓரங்கள் உரியும். கண்ணாடிக்கு 350 ஒன்றும் செய்யாது. ஆனால் 500ஐத் தாண்டிப் போகாதே, கீழே இருக்கும் டைட்டேனியம் குருணை எல்லைகள் வழியாக மேலே ஏற ஆரம்பிக்கும், ஆக்சிஜன் கிடைத்தால் ஆக்சைடாகும், அப்புறம் எந்த எண்ணும் நிலைக்காது. உயர் வெப்பத்துக்குப் போகிறவர்கள் டைட்டேனியத்தை விட்டுவிட்டு டான்டலம் போடுவது இதனால்தான். தங்கத்துக்குக் கீழே குரோமியம் போட்டால் இதே தொல்லை 300 டிகிரிக்குள்ளேயே வந்துவிடும். உனக்கு 65 டிகிரி வேலை, டைட்டேனியமே போதும்.

இன்னொன்று. ஸ்பட்டர் செய்து லிஃப்ட் ஆஃப் என்கிறாய். ஸ்பட்டரில் உலோகம் ரெசிஸ்ட்டின் பக்கச் சுவரிலும் ஏறும், அசிட்டோனில் கரைத்த பிறகு கோட்டின் ஓரங்களில் காது மாதிரி நிற்கும். ஒரு மைக்ரோமீட்டர் உயரம்கூட நிற்கலாம். மேலே போடும் காப்புப் படலத்தை அது குத்திக்கொண்டு வெளியே வரும். உள்நோக்கிச் சரிந்த சுவர் தரும் இமேஜ் ரிவர்சல் ரெசிஸ்ட் பயன்படுத்து, முடிந்தால் ஸ்பட்டருக்குப் பதில் எலக்ட்ரான் கற்றையில் ஆவியாக்கிப் போடு. ரெசிஸ்ட் ஊற்றும் முன் கண்ணாடியை 150 டிகிரிக்கு மேல் சுட்டு ஈரத்தை ஓட்டிவிட வேண்டும், நம்ம ஊர்க் காற்றில் வெளியே கொஞ்ச நேரம் வைத்தாலே மறுபடியும் ஈரம் ஏறிவிடும்.

ஜாலான்பாசார்_சுற்று எழுதியது:

அக்கா உலோகத்தைப் பார்த்துக்கொண்டார், நான் கம்பியைப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு சின்னச் சோதனை, செலவே இல்லை. ஹீட்டருக்குப் போகும் இரண்டு கம்பியையும் மாற்றிச் சொருகுங்கள். சூடு கரண்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது, எந்தத் திசையில் ஓடினாலும் அதே சூடுதான். எனவே அந்த 40 டிகிரி குதிப்பு உண்மையான சூடாக இருந்தால் கம்பியை மாற்றினாலும் மேலே குதிக்கும். மாற்றியதும் கீழே 40 டிகிரி விழுந்தால் அது மின்சாரத்தின் வேலை, சூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நான் விழும் என்றுதான் சொல்வேன். கணக்கு இதோ. ஹீட்டர் 60 சதுரம், சதுரத்துக்கு 2.1 ஓம், ஆக 126 ஓம். 5 வோல்ட்டில் 40 மில்லி ஆம்பியர். பொதுவாக வைத்திருக்கும் பேடிலும் அதைத் தொடும் ஸ்பிரிங் ஊசியிலும் சேர்ந்து 0.3 ஓம் இருந்தால் போதும், 12 மில்லிவோல்ட் அங்கே விழும். உங்கள் சென்சர் அரை மில்லி ஆம்பியரில் டிகிரிக்கு 0.3 மில்லிவோல்ட் தருகிறது. பன்னிரண்டை 0.3ஆல் வகுத்தால் 40 டிகிரி. ஒரு பேடை மிச்சப்படுத்தியதற்கு அபராதம் இவ்வளவு!

"உடனே குதித்தது, அதனால் அது சூடாக இருக்க முடியாது" என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள், அது தப்பான வாதம். கண்ணாடியில் 200 மைக்ரோமீட்டர் தூரத்தைச் சூடு கடக்க ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது, மல்டிமீட்டரின் கண்ணுக்கு அது உடனேதான். அதனால்தான் கம்பியை மாற்றிப் பார்க்கும் சோதனை.

அடுத்த மாஸ்க்கில் சென்சருக்கு நான்கு பேடு, ஹீட்டருக்குத் தனியாக இரண்டு. சென்சரில் இரண்டு வழியாகக் கரண்ட், மற்ற இரண்டு வழியாக வோல்ட்டேஜ். வோல்ட்டேஜ் எடுக்கும் கோடுகள் வளைவு ஆரம்பிக்கும் இடத்திலேயே பிரிய வேண்டும், பேடுக்குப் பக்கத்தில் பிரித்தால் இடையில் உள்ள கோட்டின் மின்தடையும் உள்ளே வந்துவிடும், அதன் வெப்பநிலை வேறு. இரண்டு கம்பியில் அளந்தால் ஒரு ஓம் கூடுதல் என்பது உங்களுக்கு ஒன்றரை டிகிரிக்கு மேல், அதுவும் கிளிப்பை எடுத்து மாட்டும்போதெல்லாம் மாறும்.

சென்சர் கரண்டை ஏற்றி சிக்னலைப் பெரிதாக்கலாமே என்று தோன்றும். அரை மில்லி ஆம்பியரில் 315 ஓம் எரிப்பது 80 மைக்ரோவாட். உங்கள் சென்சரின் அளவுக்குக் கண்ணாடி மேல் அது 0.1 டிகிரி சுயசூடு, விட்டுவிடலாம். இரண்டு மில்லி ஆம்பியர் ஆக்கினால் பதினாறு மடங்கு, ஒன்றரை டிகிரி. கண்ணாடியில் இதாவது பரவாயில்லை, அடியில் இருக்கும் சிலிக்கானைக் குடைந்து மெல்லிய சவ்வாக விடுகிறார்களே, அதில் போட்டால் சென்சரே ஹீட்டராகிவிடும்.

பத்தில் ஒரு டிகிரி வேண்டுமென்றால் 30 மைக்ரோவோல்ட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆர்டுயினோ போர்டின் உள்ளே இருக்கும் 10 பிட் மாற்றி (வோல்ட்டேஜை எண்ணாக்குவது) இதற்குக் காணாது. 24 பிட் சிக்மா டெல்டா மாற்றி ஒன்று வாங்கி, சென்சரோடு தொடரில் ஒரு நல்ல நிலையான ரெசிஸ்டரை வைத்து இரண்டின் விகிதத்தைப் பாருங்கள், கரண்ட் கொஞ்சம் ஆடினாலும் கவலையில்லை. பிளாட்டினமும் செம்பும் சேரும் இடத்தில் டிகிரிக்கு ஏழெட்டு மைக்ரோவோல்ட் பிறக்கும், ஒரு பேடு மற்றதைவிடப் பத்து டிகிரி சூடாக இருந்தால் கால் டிகிரி பிழை. சென்சர் கரண்டைத் திருப்பி ஒருமுறை அளந்து சராசரி எடுத்தால் அது போய்விடும். ஹீட்டரைத் துடிப்பாக ஓட்டினால் அணைந்திருக்கும் நேரத்தில் சென்சரை அளந்துகொள்ளுங்கள்.

செம்புத்தகடு எழுதியது:

இவ்வளவு பாடு எதற்கு? 65 டிகிரிக்கு பிளாட்டினமும் கிளீன் ரூமுமா? சாதாரண சர்க்யூட் போர்டில் 35 மைக்ரோமீட்டர் செம்பு இருக்கிறது, டிசிஆர் 0.0039, அனீலும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். 0.1 மில்லிமீட்டர் கோடு, 0.1 மில்லிமீட்டர் இடைவெளி, 2 மீட்டர் நீளம் வளைத்து விட்டால் 20க்கு 20 மில்லிமீட்டரில் பத்து ஓம் கிடைக்கும். ஹீட்டரும் அதுவே, சென்சரும் அதுவே. கோலாலம்பூரில் சில ரிங்கிட்டுக்கு ஒரு போர்டு அடித்துத் தருவார்கள். கிளீன் ரூமுக்கு மணிக்கணக்கில் காசு கட்டுவதற்கு இது மேல்.

பாயான்லெப்பாஸ்_அக்கா எழுதியது:

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது, நாளைக்கு இதை ஒரு கருவியாக விற்கப் போனால் நானே செம்புப் போர்டுதான் போடுவேன். ஆனால் அவள் அறை 2 மில்லிமீட்டர், 20 இல்லை. அந்த இடத்தில் செம்பு ஒரு ஓமில் பத்தில் ஒரு பங்குதான் தரும். கீழிருந்து நுண்ணோக்கியில் பார்க்கவும் வேண்டும், போர்டு வழியாக என்ன தெரியும்? கண்ணாடிதான் வேண்டுமென்றால் ஐடிஓ (மின்சாரம் கடத்தும் இண்டியம் டின் ஆக்சைடு) பூசிய கண்ணாடியை ஹீட்டராக்கலாம், சதுரத்துக்குப் பத்து ஓம் மாதிரி கிடைக்கும், ஒளி ஊடுருவும். சென்சராக மட்டும் ஐடிஓவை நம்ப மாட்டேன், வெப்பநிலைக்கு அது மாறுவதே கொஞ்சம்தான், அதுவும் பூசியவர் கையைப் பொறுத்தது. நிக்கல் விலை குறைவு, கட்டி நிக்கலின் டிசிஆர் 0.006, பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். சூட்டில் ஆக்சைடாகும், உப்புத் திரவம் பட்டால் அரிக்கும். அலுமினியமும் உப்புக்குத் தாங்காது, கரண்ட் அடர்த்தி ஏறினால் அணுக்களே நகர்ந்து கோடு அறுந்துபோகும். பிளாட்டினத்துக்குக் காசு கொடுப்பது இந்தத் தலைவலிகள் இல்லாமல் இருக்கத்தான்.

பிறை_மாணவி எழுதியது:

அக்கா, அண்ணன், எல்லோருக்கும் நன்றி. செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

கம்பியை மாற்றினேன். கீழே விழுந்தது, கிட்டத்தட்ட அதே 40. பேடை இனிமேல் பிரித்துத்தான் வரைவேன், புதிய மாஸ்க் அனுப்பியாகிவிட்டது, சிலுவையும் சேர்த்து.

350 டிகிரியில் அனீல் செய்த சில்லில் (சிப்பில்) சென்சர் 240 ஓமுக்கு இறங்கிவிட்டது. டிசிஆர் 0.0025. பெருக்கினால் அதே 0.6! இதைப் பார்த்தபோது ஒருவித சந்தோஷம் வந்தது, சொன்னால் சிரிப்பீர்கள். 90 டிகிரிக்கு ஏற்றி இறக்கினால் இப்போது பழைய இடத்துக்கே வருகிறது, என் மீட்டரில் வித்தியாசம் தெரியவில்லை.

இன்னும் புரியாதது: சென்சர் 65 காட்டினால் அறைக்குள் இருக்கும் திரவமும் 65 தானா? வெப்பக் கேமராவைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்புறம் காப்புப் படலம் இல்லாமல் உப்புக் கரைசலை ஊற்றிப் பார்த்தேன், ஹீட்டர் ஓரத்தில் குமிழி வருகிறது, இது கொதிப்பதா?

ஜாலான்பாசார்_சுற்று எழுதியது:

கொதிப்பதில்லை. தண்ணீர் சிதையக் குறைந்தது 1.23 வோல்ட் வேண்டும், நீங்கள் உப்புத் தண்ணீருக்குள் 5 வோல்ட் வைத்திருக்கிறீர்கள். மின்சாரத்தால் பிறக்கும் ஹைட்ரஜன் போன்ற வாயுக்கள்தான் வருகின்றன. கரைசல் சென்சருக்குப் பக்கவாட்டில் இன்னொரு பாதையாகவும் நிற்கும், அதனால் சென்சர் உண்மையைவிடக் குறைந்த ஓம் காட்டும், அதாவது குளிர்ச்சியாகக் காட்டும், உங்கள் கட்டுப்பாட்டு நிரல் இன்னும் சூடாக்கும், வினை வெந்துபோகும். காப்புப் படலம் இல்லாமல் இனி திரவம் ஊற்ற வேண்டாம்.

வெப்பக் கேமரா பொய் சொல்லவில்லை, நாம்தான் அதனிடம் தப்பான கேள்வி கேட்கிறோம். பளபளப்பான உலோகம் அகச்சிவப்பை வெளியிடுவது மிகக் குறைவு, கண்ணாடி நன்றாக வெளியிடும். கேமராவில் உலோகக் கோட்டில் தெரிவது பெரும்பாலும் கூரையும் உங்கள் முகமும்தான், எதிரொளிப்பு. கோட்டின் மேல் ஒரு துண்டு பாலிமைடு டேப் ஒட்டினாலோ மங்கலான கறுப்புப் பெயிண்ட் அடித்தாலோ சரியான எண்ணுக்கு அருகில் வரும். ஆனால் பிடிஎம்எஸ் வைத்த பிறகு கேமரா பிடிஎம்எஸ்ஸின் மேல்தோலைத்தான் பார்க்கும், திரவத்தைப் பார்க்காது.

பாயான்லெப்பாஸ்_அக்கா எழுதியது:

சென்சர் 65 என்றால் கண்ணாடியின் மேற்பரப்பு, அதுவும் சென்சர் உட்கார்ந்திருக்கும் நடு இடம் 65. திரவத்தின் மேல்பக்கம் பிடிஎம்எஸ் வழியாகச் சூட்டை இழந்துகொண்டே இருக்கும், அங்கே குறைவாக இருக்கும். அறை எவ்வளவு உயரமோ அவ்வளவு வித்தியாசம். 100 மைக்ரோமீட்டர் உயரம் என்றால் பயப்பட வேண்டாம், ஒரு மில்லிமீட்டர் என்றால் அளந்தே ஆக வேண்டும். கண்ணாடிக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். 2 மில்லிமீட்டர் ஹீட்டருக்கு அடியில் ஆழமான கண்ணாடி இருந்தால் வாட்டுக்கு ஏறத்தாழ 200 டிகிரி, அதாவது 40 டிகிரி ஏற்ற 0.2 வாட், உன் 5 வோல்ட் அனீலுக்கு முன் அதைத்தான் தந்தது. இதையே நுண்ணோக்கியின் இரும்பு மேசையில் அழுத்தி வைத்தால் சூடு கீழே ஓடிவிடும், பவர் கூடுதலாகக் கேட்கும், ஓரங்கள் ஆறும். காற்றில் தூக்கி வைத்து அளந்த எண்ணை மேசையில் பயன்படுத்தாதே.

திரவத்தின் வெப்பநிலையைப் பார்க்க ரோடமின் பி சாயம் போடுவார்கள், டிகிரிக்கு இரண்டு சதவீதம் மாதிரி மங்கும். ஆனால் அது பிடிஎம்எஸ்ஸுக்குள் ஊறிவிடும், பாதி நாள் எதை அளக்கிறோம் என்றே தெரியாது. எனக்குப் பிடித்த வழி வேறு. நம்ம நாட்டுச் செம்பனை எண்ணெயில் நிறைய இருக்கும் பால்மிட்டிக் அமிலம் இருக்கிறதே, தூய்மையானது 63 டிகிரிக்கு ஒரு துளி கீழே உருகும். ஸ்டியரிக் அமிலம் 69 சொச்சத்தில். உன் 65க்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு வேலி. அறைக்குள் ஒரு குருணை போட்டு, ஹீட்டரை மெதுவாக ஏற்று, நுண்ணோக்கியில் குருணையின் ஓரம் வட்டமாகும்போது சென்சர் என்ன காட்டுகிறது என்று எழுது. குருணையை மூலையில் வைத்தும் பார், நடுவுக்கும் மூலைக்கும் வித்தியாசம் தெரிந்துவிடும். ஆய்வக ரசாயனமாக வாங்கு. மெழுகுவர்த்தி செய்கிறவர்களிடம் கிடைக்கும் ஸ்டியரிக் பெரும்பாலும் இந்த இரண்டும் கலந்தது, அது 55 பக்கத்திலேயே இளகிவிடும், உன்னைக் குழப்பும்.

சென்சரை மட்டும் தரப்படுத்த ஹாட் பிளேட்டை நம்பாதே, அதன் திரையில் தெரியும் எண்ணும் மேற்பரப்பும் வேறு வேறு. கலக்கிக்கொண்டே இருக்கும் எண்ணெய்த் தொட்டியில் சில்லை முழுவதும் மூழ்கவிட்டு, பக்கத்தில் நல்ல தெர்மாமீட்டர் ஒன்றை வைத்து, 30லிருந்து 90 வரை ஏறும்போதும் எடு, இறங்கும்போதும் எடு. இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் அனீல் போதும் என்று அர்த்தம்.

ஒரு மணி நேரம் 65 டிகிரி என்றால் பிடிஎம்எஸ் வழியாகத் தண்ணீர் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும், சில மைக்ரோலிட்டரில் அது பெரிய இழப்பு. திரவத்துக்கு மேலே மினரல் ஆயில் ஒரு அடுக்கு விடு, அல்லது பிடிஎம்எஸ் மேல் கவர் ஸ்லிப் ஒன்றை ஒட்டு.

பிறை_மாணவி எழுதியது:

பால்மிட்டிக் எங்கள் வேதியியல் துறையிலேயே இருக்கிறது, நாளைக்கே கேட்கிறேன். கடைசியாக ஒன்று: காப்புக்கு எஸ்யு-8 (ஒளியில் இறுகும் ரெசிஸ்ட்) இரண்டு மைக்ரோமீட்டர் போடலாமென்று இருக்கிறேன், சிலிக்கான் நைட்ரைடு போடும் இயந்திரத்துக்கு வரிசை நீளம். அனீல் முதலிலா, எஸ்யு-8 முதலிலா?

பாயான்லெப்பாஸ்_அக்கா எழுதியது:

அனீல் முதலில். எஸ்யு-8 பாலிமர், 350ஐத் தாங்காது, கருகிவிடும். அனீல் செய், நான்கு கம்பியில் ஓம் அளந்து எழுதி வை, பிறகு எஸ்யு-8 ஊற்றி 150 டிகிரியில் கடைசியாகச் சுடு, மறுபடியும் அளந்து பார், மாறியிருக்கக் கூடாது. பேடுகளின் மேல் எஸ்யு-8ஐத் திறந்து விட மறக்காதே, ஒருமுறை இறுகிவிட்டால் அசிட்டோனுக்கெல்லாம் அசையாது. திரவம் ஊற்றும் முன் அறையில் உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, அதற்கும் ஹீட்டருக்கும் நடுவே மீட்டரை வை. மெகா ஓமில் நின்றால் ஊற்று, கிலோ ஓமில் காட்டினால் அந்தக் காதுகளில் ஏதோ ஒன்று குத்திக்கொண்டு வெளியே வந்திருக்கிறது, அந்தச் சில்லை ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்ததை எடு.